ஊருணி வெட்டித் தோற்ற வாத்தியார்

ஐந்தாம் வகுப்பு முழுப் பரீட்சைக்கு முதல் நாள் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்கப்புறம் என்னென்ன கட்டினேன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கண்டரமாணிக்கத்திலிருந்து ஒரு திருப்புளியும் மாற்று வேட்டியுமாக பஸ் ஏறி வந்து, காரைக்குடியில், எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் கடை போட்டேன். கரண்டு வருவதும் போவதுமாக இருந்த காலத்தில், பழைய லாரி பேட்டரிகளை வைத்து நானே ஒரு யுபிஎஸ் செய்தேன். அதைப் பார்க்க எலக்ட்ரிகல் படித்த இரண்டு பேர் வந்து, குனிந்து பார்த்து, நோட்டில் படம் வரைந்துகொண்டு போனார்கள். இங்கிலீஷில் என் பெயரை எழுதத் தெரியாத நாளில் அதே கடையின் உள்பக்கம் கம்ப்யூட்டர் கேம்ஸ் சென்டர் திறந்தேன். ‘இந்த ஊரில் முதலாவது’ என்று போர்டில் எழுதி வைத்தேன். இன்று வரைக்கும் அதை ஒருவரும் மறுத்ததில்லை.

இதெல்லாம் ஊருக்குத் தெரிந்தது. ஊருக்குத் தெரியாத ஒன்றையும் கட்டியிருக்கிறேன். இந்த வாரம் எழுதப்போவது அதைப் பற்றித்தான்.

கம்ப்யூட்டரில் ராஜாவாக இருந்து நாட்டை ஆளும் ஆட்டங்கள் உண்டு. கோட்டை கட்ட வேண்டும், விளைவிக்க வேண்டும், படை திரட்ட வேண்டும். எல்லாம் பழைய காலத்துக் கதை. அந்த மாதிரி சரித்திர ஆட்டங்களைத் தரம் பார்ப்பதற்கு ‘வாசம், ஆழம்’ என்று இரண்டு மார்க் போடும் முறை ஒன்று இருக்கிறது. அருளானந்தம் வாத்தியார் ஒரு மாதப் பத்திரிகையில் வருஷக்கணக்காக எழுதிப் பரப்பியது. விஷயம் தெரிந்தவர்கள் அதை ‘வாத்தியார் முறை’ என்கிறார்கள். இப்போது அந்தக் கட்டுரைகளெல்லாம் சேர்ந்து புத்தகமாக வரப்போகின்றன. அச்சுக்குப் போவதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும்.

அது என் முறை.

குருத்தோலையும் துண்டும்

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு குருத்தோலை ஞாயிறு, ஈஸ்டருக்கு முந்தியது. நல்ல வெயில் ஏறியிருந்தது. வாத்தியார் பூசை முடிந்து நேராக என் கடைக்கு வந்துவிட்டார். கையில் ஓலையில் மடித்த சிலுவை. சட்டைக் காலர் நனைந்து கழுத்தோடு ஒட்டியிருந்தது.

உள்ளே கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் ஒரு பச்சைத் துண்டு கிடந்தது. பஸ்ஸில் ஜன்னல் வழியாக இடம் போடுவார்களே, அது மாதிரி. துண்டுக்குச் சொந்தக்காரர், நேமத்தான்பட்டி ஊர் அம்பலமான வெள்ளையன் அண்ணன், பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வடை தின்றுகொண்டிருந்தார்.

“என்ன அம்பலத்தாரே, காலையிலேயே துண்டு போட்டாச்சா?” என்றார் வாத்தியார்.

“நீங்க சாமி கும்பிட்டு வர்றதுக்குள்ள நாங்க சாமான் செட்டெல்லாம் எடுத்து வச்சிட்டோம் வாத்தியாரே. உக்காருங்க. இன்னைக்கு அடக்கம் பண்ணப்போறது ஒங்க ஆட்டத்தையா எங்க ஆட்டத்தையான்னு பாத்துருவோம்.”

“குருத்தோலை அன்னைக்கு அடக்கம் பேசாதீக அண்ணே. அது பெரிய வெள்ளிக்கிழமைதான்.”

கடையில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். மோட்டார் பழுதுபார்க்க வந்தவர்கள்தான் பாதிப் பேர். காயில் வார்னிஷ் காய்கிற வரைக்கும் அவர்களுக்கு வேறென்ன வேலை?

அன்று அங்கே தீர வேண்டிய வழக்கு இதுதான். என்னிடம் இருந்த நல்ல கம்ப்யூட்டர் ஒன்றே ஒன்று. அதன் ஹார்ட் டிஸ்க்கில் பாதி செத்துப்போய்விட்டது. மிச்சப் பாதியில் ஒரு பெரிய ஆட்டம்தான் தங்கும். இருந்ததோ இரண்டு. ஒன்றை அழித்தாக வேண்டும்.

மழை ஆட்டம், கட்டம் ஆட்டம்

அந்த இரண்டுக்கும் இங்கிலீஷில் பெயர் இருந்திருக்கும். சி.டி. தட்டு இரண்டும் மதுரையிலிருந்து வெள்ளைக் காகித உறையில் வந்தவை; இப்போது கீறல் விழுந்து, அழித்தால் திரும்ப ஏற்ற முடியாத நிலையில் இருந்தன. உறையில் இருந்த பேனா எழுத்து என் கை வியர்வையிலேயே அழிந்துபோனது. அதனால் பெயர் வைக்கும் உரிமை எங்களுக்கு வந்தது.

முதலாவது மழை ஆட்டம். எந்த நாடோ தெரியாது, வேப்பமரம் இல்லாத நாடு. ஆட்டம் தொடங்கும்போதே தூறல் விழும். மலைமேல் ஒரு கோட்டை, பாதி பனிக்குள் இருக்கும். தூரத்தில் ஒரு மணி அடிக்கும். தலையில் சாக்கு மாதிரி எதையோ போர்த்திக்கொண்டு குடியானவர்கள் வயலுக்குப் போவார்கள். குதிரை ஓடினால் சேற்றில் குளம்பு பதியும் சத்தம் ‘சளப் சளப்’பென்று கேட்கும். அடுப்பு எரிந்தால் கூரையில் புகை. அதையும் அந்தப் புண்ணியவான்கள் விடவில்லை.

இரண்டாவது கட்டம் ஆட்டம். பார்ப்பதற்கு ஒன்றுமே கிடையாது. தேன்கூட்டை அமுக்கித் தட்டையாக்கியது மாதிரி ஆறு மூலைக் கட்டங்கள். பச்சைக் கட்டம் வயல், நீலக் கட்டம் தண்ணீர், காவிக் கட்டம் பொட்டல். ஒவ்வொன்றிலும் பொடிப்பொடியாக எண்கள். ராஜா என்றால் ஒரு கொடி. சத்தம் என்றால் ஒரு ‘டிக்’. ஆனால் இன்றைக்கு ஒரு கட்டத்தில் நீங்கள் செய்யும் தப்பு, இருபது சுற்றுக்கு அப்புறம் நாட்டின் மறுமூலையில் வந்து நிற்கும். பக்கத்து ராஜாவுக்குப் பெண் கொடுக்க மறுத்தால் அவன் பேரன் படை எடுத்து வருவான்.

வெள்ளையன் அண்ணனுக்கு மழை ஆட்டம்தான் உயிர். போர்வெல் மோட்டார் எரிந்துபோய் என்னிடம் காயில் கட்ட வந்தவர், ஒருநாள் சும்மா எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து மோட்டார் நன்றாக ஓடும் வாரத்திலும் வருவார். “ஏப்பா ஆறுமுகம், சத்தத்தைக் கூட்டு, தூறல் கேக்கல” என்பார். சண்டை போடுவதைவிட மழையைப் பார்த்துக்கொண்டு இருப்பதுதான் அவருக்கு அதிக நேரம்.

வாத்தியாருக்கு அதைக் கண்டாலே எரிச்சல். அவர் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் எடுப்பவர். “சரித்திரம்னா படம் இல்லண்ணே, காரணம். கட்டம் ஆட்டத்துல காரணம் இருக்கு. இதுல நனைஞ்ச குதிரைதான் இருக்கு” என்பார். இரண்டு ஆட்டத்திலும் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழில் அட்டையில் எழுதி, கம்ப்யூட்டர் ஓரத்தில் ஒட்டியதும் அவர்தான். அந்த உதவியை நான் மறைக்கவில்லை. யார் என்ன செய்தார்கள் என்று சரியாகச் சொல்லத்தானே எழுதுகிறேன்.

ஒரு ஆச்சியும் டியூப் லைட்டும்

வாசம் என்றால் என்ன என்று எனக்கு எப்படித் தெரிந்தது? இடையில் இதைச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டருக்கெல்லாம் வெகு முன்னால் நடந்தது.

ஒரு பெரிய வீட்டுக்கு வயரிங் செய்யப் போயிருந்தேன். கூடம் முழுக்கத் தேக்குத் தூண். நான் புதுசாக வந்த டியூப் லைட்டைப் பன்னிரண்டு இடத்தில் மாட்டி, பெருமையாகச் சுவிட்சைப் போட்டேன். வெளிச்சம் என்றால் அப்படி ஒரு வெளிச்சம். எறும்பின் காலை எண்ணலாம். வீட்டு ஆச்சி வந்து நின்று சுற்றிப் பார்த்தார்.

“ஏப்பா, எங்க அப்பச்சி கட்டுன வீடு எங்க போச்சு?” என்றார்.

“இதுதான் ஆச்சி.”

“இது ஆஸ்பத்திரியில்ல?”

பன்னிரண்டையும் கழற்றி மஞ்சள் பல்பு மாட்டிய பிறகுதான் அந்தத் தூண்கள் திரும்பத் தூணாக நின்றன. வேலைக்கு வெளிச்சம் வேறு, வீட்டுக்கு வெளிச்சம் வேறு என்று அன்று கற்றுக்கொண்டேன். இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள்? சொல்லுங்கள்.

ஆகவே வாத்தியார் ‘நனைந்த குதிரை’ என்று கேலி பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒப்பாது. வெள்ளையன் அண்ணன் ‘கட்டம் ஆட்டம் வெறும் கணக்குப் பரீட்சை’ என்னும்போதும் ஒப்பாது. ஏனென்றால் அந்தக் கணக்குப் பரீட்சையில் பக்கத்து ராஜாவின் பேரன் படையோடு வந்த நாளில் நானே சாப்பிட மறந்து உட்கார்ந்திருக்கிறேன்.

என் யோசனை

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம்.

போட்டி எப்படி வைப்பது என்று முந்திய வாரம் முழுக்கச் சண்டை. ஆளுக்கு ஒரு ஆட்டத்தை ஆடிக் காட்டி, கூட்டத்தில் கை தூக்கச் சொல்லலாம் என்றார் வாத்தியார். கூட்டத்தில் பாதிப் பேர் நேமத்தான்பட்டிப் பக்கத்து ஆட்கள் என்பதை அவர் யோசிக்கவில்லை.

நான் சொன்னேன்: “அவுகவுக ஆட்டத்தை அவுகவுக ஆடுனா அது பெருமையடிக்கிறது. மாத்தி ஆடுங்க. வாத்தியார் மழை ஆட்டம். அண்ணன் கட்டம் ஆட்டம். அடுத்த வீட்டுச் சமையலைத் தின்னு பாத்துட்டுப் பேசுங்க.”

இந்த ஒரு யோசனைக்கே எனக்குத் தனியாக ஒரு பத்தி கொடுக்கலாம். அடுத்தவர் விரும்பும் ஆட்டத்தை ஆடாமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று வாத்தியார் பின்னாளில் அழகாக எழுதினார். எங்கிருந்து வந்தது அது?

பார்க்கிற ஊருணி

வாத்தியார் குருத்தோலையை மானிட்டர் மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். தூறல் ஆரம்பித்தது. மணி அடித்தது. கையில் கொஞ்சம் கல், கொஞ்சம் மரம், பத்துக் குடியானவர்கள். மனுஷன் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. நேராகக் குளம் வெட்ட ஆரம்பித்தார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சீமையில் ஊர் என்றால் முதலில் ஊருணிதான். குடிதண்ணீர்க் குளம் வெட்டி, அதில் தண்ணீர் நின்ற பிறகுதான் வீடு. பெண் கொடுக்கப் போகிறவர்கூட ஊருணியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்ப்பார். மதுரைத் தட்டுக் கடைக்காரர் ஒருமுறை இந்த ஆட்டத்தை ஆடியபோது எடுத்த எடுப்பில் சிப்பாய்ப் பட்டறை போட்டார். ஆற்றங்கரைக்காரர், அவருக்கென்ன. எங்கள் ஆட்கள் அத்தனை பேரும், படித்தவர் படிக்காதவர் என்றில்லாமல், முதல் கல்லைக் குளத்தில்தான் போடுவார்கள்.

வாத்தியாரும் போட்டார். சும்மா இல்லை, நாலு பக்கமும் படி வைத்துப் போட்டார்.

“படி நல்லா அகலமா வைங்க வாத்தியாரே, பொம்பளைங்க குடத்தோட எறங்கணும்” என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார்.

“மாடு எறங்காம ஒரு சுவர் எடுங்க” என்றார் இன்னொருவர்.

சுவரும் எடுத்தார். கல் தீர்ந்தது. மரம் தீர்ந்தது. குளம் நிறைந்தது. அந்தத் தண்ணீரில் தூறல் விழுந்து வட்டம் வட்டமாக விரிந்தது. அப்போது ஒரு அதிசயம் நடந்தது: தவளை கத்தியது. குளம் வெட்டினால் தவளை கத்தும்படி செய்து வைத்திருந்தார்கள். வெளியே வெயிலில் தார் உருகிக்கொண்டு கிடக்கிறது, உள்ளே நாங்கள் எட்டுப் பேர் தவளை கத்துவதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறோம்.

பிறகு குளம்புச் சத்தம் வந்தது. எதிரி ராஜா இருபது குதிரையோடு வந்தான். வாத்தியாரிடம் ஒரு வேலிகூட இல்லை. பத்துக் குடியானவர்களும் மண்வெட்டியோடு ஓடினார்கள். கால் மணி நேரத்தில் முடிந்தது.

வாத்தியார் திரையையே பார்த்தார். குடிகள் செத்துக் கிடந்தார்கள். ஊருணி மட்டும் அழகாக இருந்தது. தவளை இன்னும் கத்திக்கொண்டிருந்தது.

“ஒருத்தன்கூடத் தண்ணி குடிக்கலையேண்ணே” என்றார் என்னைப் பார்த்து. “குளம் இருந்தா குடி பெருகணும்ல? விளைச்சல் கூடணும்ல? ஒண்ணுமே நடக்கல!”

வெள்ளையன் அண்ணன் அதுவரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை விட்டார். “வாத்தியாரே, அது பாக்குற ஊருணி. குடிக்கிற ஊருணி இல்ல. நானும் மொத மூணு தடவ வெட்டித்தான் செத்தேன்.”

“தெரிஞ்சும் சொல்லலையா நீங்க?”

“நீங்க படி வைக்கிற அழகைப் பாத்தேன். சொல்ல மனசு வரல.”

குடிக்கிற ஊருணி

அடுத்து வெள்ளையன் அண்ணன் முறை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை முன்னால் இழுத்தார். கட்டம் ஆட்டம். மழை ஆட்டத்தில் அடிபட்டுக் கற்றவர் அல்லவா, உஷாராக இருந்தார்.

“எனக்கு ஊருணியும் வேணாம் ஒண்ணும் வேணாம். அந்த நீலக் கட்டமெல்லாம் அங்குட்டுக் கெடக்கட்டும். ஆளைச் சேரு, அடி.”

வாத்தியார் வாயைத் திறந்தார். நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கொண்டார்.

பத்துச் சுற்று வரைக்கும் அண்ணன் சிங்கம். ‘டிக், டிக்’ என்று நாலு பக்கமும் நாடு பிடித்தார். கொடி மேல் கொடி. கூட்டம் கை தட்டியது. பதின்மூன்றாவது சுற்றில் கோடை வந்தது. ஒரு பச்சைக் கட்டம் காவியானது. அதில் ஜனத்தொகை நாற்பது இருந்தது, முப்பதானது, பன்னிரண்டானது. பக்கத்துக் கட்டமும் காவியானது. பட்டாளத்துக்குச் சோறில்லை. கொடிகள் ஒவ்வொன்றாக நிறம் மாறி எதிரிக் கொடியாயின. யாரும் படை எடுத்து வரவில்லை. தண்ணீர் வற்றியது, அவ்வளவுதான்.

அண்ணன் சிரிக்கவில்லை. ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தார். “இந்த ஆளுகல்லாம் எங்க போனாக?”

“பக்கத்து நாட்டுக்குப் போயிருப்பாகண்ணே. தண்ணி இருக்குற எடத்துக்கு. இதோ, இங்குட்டு எண்ணு கூடியிருக்கு பாருங்க” என்றார் வாத்தியார். அவர் குரலில் கேலி இல்லை.

அந்த இரண்டு வருஷமாக எங்கள் பக்கம் மழை ஏமாற்றியிருந்தது. அண்ணன் வயலில் வேலை பார்த்த ஆட்கள் திருப்பூர்ப் பக்கம் போய்விட்டார்கள். மூன்று தடவை அவர் மோட்டாருக்கு நான் காயில் கட்டிக் கொடுத்தும், இழுக்கத் தண்ணீர் இல்லாமல் வெறும் காற்றை இழுத்து எரிந்தது. கடையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும்.

“நெசத்தைப் பாக்கவா வாத்தியாரே நான் பஸ் ஏறி வாரேன்?” என்றார் அண்ணன். “நெசம் ஊர்லயே கெடக்கு.”



இரண்டு மார்க்

அப்போதுதான் நான் சாக்குக்கட்டியை எடுத்தேன்.

என் பட்டறையில் ஒரு பழக்கம் வைத்திருந்தேன். காயில் கட்டி முடித்த மோட்டார் மேல் சாக்குக்கட்டியால் இரண்டு எண் எழுதுவேன். ஒன்று ஓட்டத்துக்கு: உடம்பில் காதை வைத்துக் கேட்டால் தேனீ மாதிரி ஒரே சீராகப் பாட வேண்டும். இன்னொன்று இழுப்புக்கு: குழாயில் தண்ணீர் எவ்வளவு வருகிறது. இனிமையாகப் பாடிக்கொண்டு தண்ணீர் தூக்காத மோட்டார் உண்டு. கழுதை மாதிரி கத்திக்கொண்டு கிணற்றையே காலி பண்ணும் மோட்டாரும் உண்டு. இந்த இரண்டு எண்ணையும் வேறு எந்தக் கடையிலும் எழுத மாட்டார்கள்.

அதையே சுவரில் எழுதினேன். மழை ஆட்டம்: வாசம் ஒன்பது, ஆழம் மூன்று. கட்டம் ஆட்டம்: வாசம் இரண்டு, ஆழம் ஒன்பது. ‘வாசம்’ என்ற சொல் எனக்கு எப்படி வந்தது என்று தெரியாது. ஆட்டத்துக்குள் போனதும் முகத்தில் அடிக்கும் காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆழம்’ கிணற்றிலிருந்து வந்தது.

பார்த்ததும் வாத்தியார் வாத்தியார்தான் என்று நிரூபித்தார். “கூட்டுனா பன்னெண்டு, பதினொண்ணு. மழை ஆட்டம் ஒரு மார்க்ல ஜெயிச்சிருச்சா? அநியாயம்ணே! வாசத்துக்கு எட்டுப் போடுங்க.”

“எட்டா? தவளையைக் கேட்டீகளா இல்லையா? பத்தே போடணும்” என்று அண்ணன் எழுந்துவிட்டார்.

நான் சுவரில் கையால் ஓங்கித் தட்டினேன். “கூட்டக் கூடாது! எவனாச்சும் மோட்டார் சத்தத்தையும் தண்ணியையும் கூட்டுவானா? அது வேற, இது வேற. ரெண்டையும் தனித்தனியா வச்சுப் பாரு. ஒனக்கு இன்னைக்கு எது வேணுமோ அந்த எண்ணைப் பாத்து எடு.”

வாசகர்களே, இந்த வாக்கியத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மார்க் போடுவது பெரிய விஷயம் இல்லை. கூட்டக் கூடாது என்பதுதான் விஷயம். அதைச் சொன்ன வாய் இது.

அழித்தது

எந்த ஆட்டத்தை அழிப்பது என்று கடைசியில் இரண்டு பேரும் என்னையே கேட்டார்கள். கடை என்னுடையது, டிஸ்க்கும் என்னுடையது.

கட்டம் ஆட்டத்தை அழித்தேன்.

வாத்தியார் முகம் செத்துவிட்டது. “நீங்களே ஒன்பது போட்டுட்டு நீங்களே அழிக்கிறீகளே” என்றார்.

“வாத்தியாரே, அந்த ஆட்டம் முழுக்க ஒங்க தலைக்குள்ள இருக்கு. ஒரு தாள்ல கோடு போட்டாக்கூட ஆடிப்புடுவீக. மழையை எந்தத் தாள்ல பெய்ய வைக்கிறது?”

அவர் ஓலைச் சிலுவையை எடுத்துக்கொண்டு கிளம்பினார். போகும்போது வாசலில் நின்று, “தவளைச் சத்தம் நல்லாத்தான் இருந்துச்சு” என்று மட்டும் சொன்னார். ஈஸ்டருக்கும் கடைப் பக்கம் வரவில்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. குன்றக்குடிக்குப் போனபோது முருகனிடம் வாத்தியார் கோபம் தீர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கிறிஸ்தவருக்காக முருகனிடம் சிபாரிசு பிடித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

மூன்றாவது வாரம் வந்தார். கையில் சுருட்டிய கிராப் தாள்கள். கட்டம் ஆட்டம் முழுவதையும் பென்சிலால் வரைந்திருந்தார். கோடை, பஞ்சம், பெண் கேட்டு வரும் தூது, பேரன் படை, எல்லாவற்றுக்கும் விதி எழுதியிருந்தார். தாயக்கட்டைக்குப் பதில் பாதியாக உரசிய புளியங்கொட்டை. பள்ளிக்கூடத்தில் மற்ற வாத்தியார்களோடு மத்தியான நேரத்தில் ஆடிக்கொண்டிருந்தாராம்.

“நீங்க சொன்னது சரிதாண்ணே. கம்ப்யூட்டர் இல்லாமலே ஓடுது” என்றார்.

அந்தத் தாளுக்கு விதி எழுதி எழுதித்தான், ஆட்டங்களைப் பற்றி எழுதும் ஆசை அவருக்கு வந்தது. நான் அழித்திருக்காவிட்டால் அவர் எழுதியே இருக்க மாட்டார். இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘வழக்கம்’

முதல் கட்டுரை அச்சாகி வந்த நாளில் பத்திரிகையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். எனக்கு வாசித்துக் காட்டினார். தமிழ் எழுத்துக் கூட்டி எனக்கே படிக்கத் தெரியும், ஆனாலும் அவர் வாசித்தால் கேட்கச் சுகம். மழை வந்தது, தவளை வந்தது, இரண்டு ஊருணியும் வந்தன. வெள்ளையன் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த வரி வந்தது. “வாசம், ஆழம் என இரு மதிப்பெண்களைக் கூட்டாமல் தனித்தனியே வைத்துப் பார்ப்பது எங்கள் ஊர் வழக்கம்.”

“நிறுத்துங்க,” என்றேன். “எது வழக்கம்? ஒரு ஞாயித்துக்கிழம காலையில நான் சொன்னது எப்ப வாத்தியாரே ஊர் வழக்கமாச்சு?”

அவர் வாசலைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார். “அண்ணே, நீங்க வச்சிருக்கிறது பூராம் நகல் தட்டு. பத்திரிகையில ஒங்க பேரும் கடைப் பேரும் போட்டா நாளைக்கே எவனாச்சும் ஜீப்புல வந்து எறங்குவான். பொட்டியெல்லாம் தூக்கிட்டுப் போயிருவாக. அதான் வழக்கம்னு எழுதுனேன். வழக்கத்தைப் புடிச்சு உள்ள வைக்க முடியாதுல்ல?”

அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் நகல் தட்டுதான். ஆனால் பத்திரிகையில் வருவது என் பெயர் மட்டும்தான் என்றால் மாட்டுவதும் நான் மட்டும்தானே. எனக்காக யோசித்திருக்கிறார் மனுஷன். அன்றைக்கு அவருக்கு இரண்டு காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கப்புறம் எத்தனையோ கட்டுரை எழுதினார். ரோமாபுரி ஆட்டம், சீனத்து ஆட்டம், கடற்கொள்ளை ஆட்டம், எது வந்தாலும் என் கடையில்தான் முதலில் ஆடுவார். எனக்கும் அண்ணனுக்கும் ஆளுக்கொரு சாக்குக்கட்டி. மழை ஆட்டத்துக்குப் பிறகு எந்த ஆட்டத்துக்கும் வெள்ளையன் அண்ணன் வாசத்தில் எட்டுக்கு மேல் போட்டதில்லை. அதற்குப் பிறகு நல்ல மழை பெய்து, ஊரில் ஊருணி நிறைந்த வருஷம் வந்தது, அப்போதும் போடவில்லை. கட்டுரைகளில் மட்டும் ஒவ்வொரு தடவையும் ‘எங்கள் ஊர் வழக்கப்படி’ என்றே வரும். படித்துப் படித்து ஊரே அதை நம்பிவிட்டது. போன வருஷம் ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒருவர் என்னிடமே வந்து, “ஒங்க ஊர்ல இப்புடி ஒரு பழைய வழக்கம் இருக்காமே, ராஜா காலத்துலேருந்து வருதா?” என்று கேட்டார்.

வாத்தியாருக்கு

கேம்ஸ் சென்டரை மூடி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. அந்தத் தட்டுகளை எறும்புகூட மோந்து பார்க்காது. ஜீப்பில் வந்து இறங்க இருந்தவர்கள் பென்சன் வாங்கிக்கொண்டிருப்பார்கள். இனிமேல் என்னைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் ஒருவருக்கும் இல்லை.

புத்தகத்தின் அச்சுத் தாள்கள் திருத்தத்துக்கு வந்திருப்பதாக வாத்தியார் போன வாரம் போனில் சொன்னார். நன்றியுரையில் என் பெயரைச் சேர்த்திருக்கிறாராம். மனைவி, மக்கள், பங்குச் சாமியார், தலைமையாசிரியர், இன்னும் யார் யாரோ, அதற்கடுத்து நான். “பதினோராவதாவா?” என்று கேட்டேன். “ஒன்பதாவதுண்ணே” என்றார்.

வாத்தியாரே, ஒன்பதாவது இடம் எனக்கு வேண்டாம். நன்றியும் வேண்டாம். அதெல்லாம் காப்பியோடு தீர்ந்தது. முதல் கட்டுரையில் ‘எங்கள் ஊர் வழக்கம்’ என்று இருக்கிறதே, அந்தச் சொற்களைச் சிவப்பு மையால் அடியுங்கள். அந்த இடத்தில் ‘கண்டரமாணிக்கம் ச. ஆறுமுகம் வகுத்த முறை’ என்று எழுதுங்கள். ஊர்ப் பெயர், இனிஷியல், எதையும் சுருக்க வேண்டாம். வெள்ளையன் அண்ணன் பெயரையும் போடுங்கள், எனக்குக் கீழே. வரி நீண்டுபோய்விடும், இடம் பற்றாது என்று அச்சகத்தார் சொன்னால், அதே பக்கத்தில் ‘நான்’, ‘நான்’ என்று பதினான்கு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். பழைய பத்திரிகையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். அதில் நாலைக் குறைத்துக்கொள்ளுங்கள்.